மௌனத்தைத் தவிர்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையே அதுதான். என் மனைவியின் தம்பி, வேறு வீடு கிடைக்கும்வரை எங்கள் முன்னறையில் இருக்கட்டுமே என்று வந்தான். வீடு கிடைக்கிற பாடாக இல்லை. அவனுக்குக் கிடைப்பதெல்லாம் இசைக்குழுக்கள்தான். நான் சாப்பிட உட்கார்ந்து தட்டில் கை வைத்தால் போதும், "அத்தான், இத மட்டும் கேளுங்க. உலகத்துல இன்னும் இருநூறு பேர்கூட கேக்கல" என்று ஒரு இயர்போனை என் காதில் திணித்துவிடுவான். ஏன் இருநூறு பேர்கூடக் கேட்கவில்லை என்பது எனக்கு உடனே விளங்கிவிடும். அவனுக்குத்தான் விளங்காது.

இதற்குப் பெயர் டெக்னிகல் மெட்டலாம். புரோக்ரசிவ் மெட்டல் என்று இன்னொன்றும் உண்டாம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருமுறை வாய்தவறிக் கேட்டுவிட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போயிற்று. எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். கிதார் உறுமும், டிரம் இடிக்கும், பாடுகிறவர் தொண்டையைக் கிழித்துக்கொள்வார். கேட்கிறவர் காலால் தாளம் போட்டுப் பார்த்தால் நாலு தட்டுக்குள் கால் தவறிவிடும். தவறினால் சந்தோஷப்பட வேண்டும். ரசனை என்பது அங்கேதான் ஆரம்பிக்கிறதாம்.

ஆகவே இவனை ஒரு கதைக்குள் பிடித்துப் போட்டு நாலு சாத்து சாத்தலாம் என்று உட்கார்ந்தேன். அந்தக் கதை என்ன கதியானது என்பதைத்தான் இனிப் பார்க்கப்போகிறீர்கள். மேசையைத் துடைக்காமல் அப்படியே தருகிறேன். கைவிட்ட வாக்கியங்கள் அங்கங்கே கிடக்கும், காலில் படாமல் தாண்டி வாருங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"மழை விட்டிருந்த ஒரு மாலையில், தெருவின் சந்தடியெல்லாம் மெல்ல அடங்க, அவன் தன்

போதும். மழை விட்ட மாலையில் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

இரண்டாம் முயற்சி:

"இசை என்பதுதான் என்ன?"

இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நம் எல்லோருக்கும் நல்லது.

மூன்றாம் முயற்சி: "கடையில் எல்லோரும் அவனைக் காதுக்காரன் என்றார்கள்." சரி, இது நிற்கிறது. இதிலிருந்து போவோம்.

காதுக்காரனுக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். [முதலில் அவனை வங்கியில் வைத்திருந்தேன். என் மச்சினன் வேலை பார்ப்பதும் வங்கியில்தான், படித்தால் மோப்பம் பிடித்துவிடுவான் என்று இடம் மாற்றினேன்.] கடையின் முன்பக்கம் வெளிச்சமும் நிலைக்கண்ணாடியுமாகப் பளபளவென்று இருக்கும். பின்னறையில் ஒரு குழாய், ஒரு தொட்டி, லென்ஸ் அரைக்கும் இயந்திரம், அவன். வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த பிரேமுக்கு ஏற்ப லென்ஸின் விளிம்பை அரைத்து, கூர் ஓரத்தை மழித்து, பிரேமில் பொருத்தி, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துத் துடைத்து வைக்க வேண்டும். அரைக்கும்போது தண்ணீர் பீய்ச்சும். விரல்களில் வெள்ளைச் சேறு பூசிக்கொள்ளும். இயந்திரம் போடுகிற கூச்சலுக்கு ஹெட்போன் இல்லாமல் அங்கே நிற்க முடியாது. கூப்பிட்டால் திரும்பமாட்டான். தேவையென்றால் தோளைத்தான் தட்ட வேண்டும்.

அந்த ஹெட்போனுக்குள் அவன் செய்துகொண்டிருந்தது கண்டுபிடிப்பு. யாரும் எட்டிப்பார்க்காத இணையப் பக்கங்களின் அடிவரை போய், எந்த ஊரிலோ யாரோ நாலு பேர் வண்டிக்கொட்டகையில் பதிவு செய்து ஏற்றிவிட்ட பாட்டுகளைக் கேட்பான். கால் சுலபமாகத் தாளம் போட்டுவிட்டால் அந்தக் குழுவைத் தூக்கிப் போட்டுவிடுவான். கால் தவறினால் வைத்துக்கொள்வான். மாதம் ஒருமுறை "இன்னும் யாரும் கேட்காதவை" என்ற தலைப்பில் ஐந்து குழுக்களைப் பற்றி எழுதுவான். அதைப் படிப்பதற்கென்று பல நாடுகளில் ஒரு கூட்டம் இருந்தது. அவன் ஒரு வரி எழுதினால் அந்தக் குழுவுக்கு மேடை கிடைத்தது.

கச்சேரிக்கு மட்டும் போகவே மாட்டான். நிற்க வேண்டும், இடிபட வேண்டும், முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்க்க வேண்டும். பாட்டு ஹெட்போனில்தான் முழுசாக இருக்கிறது என்பது அவன் கட்சி.*

* இதை அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன், இங்கேயே போடுகிறேன்: இந்தக் கட்சிதான் அவனைக் கவிழ்க்கப்போகிறது. முன்கூட்டிச் சொல்வது நல்ல கதைசொல்லிக்கு அழகல்ல. சொல்லியாயிற்று.

3

இங்கே ஒரு தொல்லை. நான் அவனைத் தலைக்கனம் பிடித்தவனாகத்தான் படைத்தேன். "எல்லோரும் கேட்கிற பாட்டை அவன் ஒரு பொருட்டாகவே" என்று ஒரு பத்தி எழுதிக்கொண்டு போனால், அவன் பாட்டுக்கு உட்கார்ந்து, தனக்குப் பாட்டு அனுப்பிய ஒவ்வொரு குழுவுக்கும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறான். பிடிக்காத குழுவுக்கும்கூட. "உங்க பாஸ் கிதார் சரியா கேக்கல, கொஞ்சம் தூக்கிவைங்க" என்று பொறுப்பாக எழுதுகிறான். தலைக்கனம் பிடித்தவன் செய்கிற வேலையா இது? நான் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன். பாத்திரங்கள் எழுத்தாளன் பேச்சை மீறும் என்று மேடையில் பலபேர் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் பெருமைப்பட எதுவுமே இல்லை, சுத்தக் கழுத்தறுப்பு.

சரி, தலைக்கனம் இல்லாவிட்டால் போகட்டும், ஒரு தப்பாவது செய்யட்டும் என்று விட்டேன். செய்தான். ஆனால் இந்தக் கூட்டத்து ஆள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

பாட்டுகளோடு அவன் இசைக்காரர்களின் பேட்டிகளையும் கேட்பான். மெட்டல் கிதார் வாசிப்பவர்கள் விரல் வேகத்தில் புலிகள். பேசச் சொன்னால், "அது வந்து…" என்று ஆரம்பித்து, நாம் ஒரு லென்ஸை அரைத்து முடித்த பிறகுதான் அடுத்த சொல்லுக்கு வருவார்கள். பொறுக்கமுடியாமல் ஒருநாள் போனில் தேடியபோது, அவன் பாட்டும் பேட்டியும் கேட்கும் செயலியில் "மௌனத்தைத் தவிர்" என்றொரு செட்டிங் இருந்தது. தட்டிவிட்டான். சத்தமில்லாத இடங்களையெல்லாம் செயலி தானே தாண்டிப் போனது. பேட்டி சர்ரென்று ஓடியது. அவனுக்குப் பரம நிம்மதி.

அதை அணைக்க மறந்துவிட்டான்.

இரண்டு வருஷமாக.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்த வகைப் பாட்டில் ஒரு பழக்கம் உண்டு. கிதாரும் டிரம்மும் சேர்ந்து ஒரே இடியாக இடித்து, சட்டென்று சுத்தமாக நின்று, மறுபடி இடிக்கும். நின்ற இடத்தில் ஒரு துளி இரைச்சல்கூட இருக்காது, அவ்வளவு கத்தரித்துவிட்டிருப்பார்கள். அந்த நிறுத்தங்களைத்தான் காதுக்காரனின் போன் மென்று விழுங்கிக்கொண்டிருந்தது. சாதாரணமாக எண்ணக்கூடிய தாளமெல்லாம் அவன் காதுக்கு வரும்போது ஒரு பக்கம் அரைபட்டு, அடுத்த அடி வரவேண்டிய நேரத்துக்கு முன்பே வந்து விழுந்தது. "மூச்சுவிட இடம் தராத குழு" என்று மெய்சிலிர்த்து எழுதினான். அவர்கள் மூச்சுவிட்ட இடத்தையெல்லாம் போன் எடுத்துவிட்டது அவனுக்கு எப்படித் தெரியும்?

4

கதைக்குள் ஒரு பெண் வரவேண்டிய நேரம். [காதலா? இல்லை. காதல் வந்தால் எனக்கு இன்னும் எட்டுப் பக்கம் ஆகும்.]

அவள் டிரம்மர். பகலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கூரையில் "பழகுநர்" பலகை வைத்த சின்னக் காரில், கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பாள். கிதார் வாசிப்பவன் அவள் பெரியம்மா மகன், அவளுக்கு அண்ணன் முறை. பாடிக்கொண்டே பாஸ் வாசிக்கும் மூன்றாமவன் ஒருவன் உண்டு. இந்தக் கதையில் அவனுக்கு வேலை இல்லை, வேனில் தூங்கிக்கொண்டிருக்கிறான். குழுவின் பெயர் அரைக்கிளட்ச்.

அவர்கள் ஏற்றியிருந்தது ஒரே ஒரு நீளமான பாட்டு. முழுக்க அவள் அமைத்தது. காதுக்காரன் ஒரு பிற்பகல் அதைக் கேட்டான். கேட்டுக்கொண்டே, வாழ்க்கையில் முதல்தடவையாக, ஒரு லென்ஸைத் தப்பாக அரைத்துவிட்டான். அன்றைக்கே பாராட்டி எழுதினான். எழுதியதோடு நிற்காமல், தன் போனில் ஓடியதிலிருந்து ஒரு நிமிஷத்தை அப்படியே பதிந்து போட்டான். அந்த ஒரு நிமிஷம் தீயாய்ப் பரவியது. கொட்டுகிற வேகத்தைப் பார்த்து, இது மனுஷக் கையா என்று கேட்டார்கள். ஒரு நாள் முழுக்க நடக்கும் பெரிய நிகழ்ச்சியின் அமைப்பாளர் அரைக்கிளட்சைக் கூப்பிட்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு: அந்த நிமிஷம் அப்படியே மேடையில் வேண்டும்.

குழுவுக்குத் தலைகால் புரியவில்லை. இது தங்கள் பாட்டுத்தான், ஆனால் தங்கள் பாட்டு இல்லை. காதுக்காரன் வெட்டி ஒட்டியிருக்கிறார் என்று முடிவுக்கு வந்தார்கள். அண்ணன்காரனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவள் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதே மாதிரி முழுப்பாட்டையும் நிறுத்தமே இல்லாமல் வாசித்துப் பழகினாள். அந்த நிறுத்தங்களில்தான் அவள் கை ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. ஓய்வு போனதும் வலது மணிக்கட்டு வீங்கியது. மருத்துவர் ஊசி போட்டு, இனிமேல் இப்படி வாசித்தால் குச்சியைப் பிடிக்க முடியாமல் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்.

நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் காதுக்காரனுக்கு அழைப்பு வந்தது. அவர்களை மேடையேற்றியவரே வராவிட்டால் எப்படி? கச்சேரிக்கே போகாதவன், இதற்காகக் கிளம்பினான்.

5

அரங்கத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. உடைந்த நாற்காலிகள், சுருட்டிய ஒயர்கள், யாரோ வைத்துவிட்டுப் போன தண்ணீர்ப் பாட்டில்கள். அவள் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து மணிக்கட்டில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தாள். காதுக்காரன் நன்றியை எதிர்பார்த்து, அதை எப்படி வேண்டாமென்று சொல்வது என்று வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்திருந்தான்.

"நீங்கதானா அது?" என்றாள். "உக்காருங்க. ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். எங்க பாட்ட எதுல வெட்டுனீங்க?"

"வெட்டுறதா?"

"நடுவுல நிக்கிற இடமெல்லாம் எடுத்துட்டு ஒட்டியிருக்கீங்கல்ல. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னு மொதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் இங்கேருந்து கூப்பிட்டாங்க, சரின்னு விட்டுட்டேன்."

"நான் எதையும் வெட்டலங்க. நீங்க போட்டத அப்படியேதான் கேட்டேன்."

"எங்க, போடுங்க பாப்போம்."

போட்டான். அவள் பாட்டைக் கேட்கவில்லை, திரையைப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்த விநாடி எண் அங்கங்கே துள்ளிக் குதித்தது. போனைக் கையிலிருந்து வாங்கி, எங்கெங்கோ தட்டி, அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன போட்டு வெச்சிருக்கீங்க?"

திரையில் "மௌனத்தைத் தவிர்" என்றிருந்தது. அவள் அதை அணைத்து, பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள். முதல் இடி விழுந்தது. அடுத்து இரண்டு வரிசை அடிகள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"நின்னுடுச்சு போல" என்றான்.

"நிக்கல. இருங்க."

இருந்தான். எரிச்சலாக இருந்தது. அப்புறம் பயமாக இருந்தது. அடுத்த அடி விழுந்தபோது உடம்பு தூக்கிப்போட்டது.

"நான் வண்டி ஓட்ட சொல்லிக்கொடுக்கிறேன்" என்றாள் அவள். "என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். முன்னாடி வண்டி நிக்கிறத பழகுறவங்க பாத்தாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் மிதிச்சிட்டா வண்டி நின்னுடும். ஆனா அவங்க எப்பவும் பழக மாட்டாங்க. அதனால கால மேலயே வெச்சுக்கிட்டு, இன்னும் கொஞ்சம் பாப்போம், இன்னும் கொஞ்சம் பாப்போம்னு மிதிக்காம இருப்பேன். பயமாத்தான் இருக்கும். அத டிரம்ல கொண்டுவர முடியுமான்னுதான் இந்தப் பாட்டே போட்டேன். நீங்க அத மட்டும் எடுத்துட்டு மிச்சத்த கேட்டிருக்கீங்க."

இரண்டு வருஷம் காதுக்காரன் கண்டுபிடித்த குழுக்களெல்லாம் மனசுக்குள் வரிசையாக வந்து நின்றன. எவரையுமே அவன் கேட்டிருக்கவில்லை. தாளம் எளிது என்று தூக்கிப்போட்டவர்களையும் சரி, தலையில் வைத்து ஆடியவர்களையும் சரி. அவமானத்தில் காது சூடாயிற்று. வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது.

அண்ணன்காரன் கிதாரோடு உள்ளே வந்தான். விஷயம் தெரிந்ததும் ஒரு நிமிஷம் சிரித்தான், அப்புறம் சிரிக்கவில்லை.

"இப்ப எதுக்கு இத கிளறுறீங்க? வெளிய நிக்கிற அத்தன பேரும் அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் வந்திருக்காங்க. நடுவுல நிறுத்துனா கரண்ட் போச்சுன்னு கத்துவாங்க."

"என் கை, அண்ணா."

"எனக்கு மட்டும் கவலை இல்லையா? இன்னிக்கு ஒரு நாள் தாங்கிட்டா போதும். இந்த மேடை மறுபடி எப்ப கிடைக்கும்னு யாருக்கு தெரியும்?"

அவன் சொன்னதும் பொய்யில்லை. கதவைத் தட்டி, அடுத்து நீங்கள்தான் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள்.

6

முடிவுகள். மூன்று எழுதினேன். மூன்றும் உருப்படவில்லை.

முடிவு அ: "காதுக்காரன் மேடையேறி, ஒலிவாங்கியைப் பிடித்து, நடந்ததையெல்லாம் சொன்னான். கூட்டம் ஒரு கணம் திகைத்து, பிறகு மெல்ல"

மெல்ல என்ன, கைதட்டியதா? எந்த ஊர்க் கூட்டமய்யா கைதட்டும்? வெயிலில் வரிசையில் நின்று உள்ளே வந்தவர்கள், செயலியின் செட்டிங் பற்றிய விளக்கவுரையைக் கேட்டுக் கண்கலங்குவார்களா?

முடிவு ஆ: அவள் நிறுத்தமில்லாமலே வாசிக்கிறாள். கூட்டம் கூத்தாடுகிறது. கடைசி அடியில் குச்சி விரலிலிருந்து நழுவு

இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. என்னால் நன்றாகவே எழுத முடியும், நீங்களும் அழுவீர்கள். உங்களை அழவைக்க ஒரு பெண்ணின் கையை ஒடிக்க வேண்டுமா? அந்தக் கை எனக்கு வேண்டும்.

முடிவு இ: அவள் காதுக்காரன் பக்கம் திரும்பி, "ரெண்டையும் கேட்டவர் நீங்க ஒருத்தர்தான். எது நல்லா இருக்கு? நீங்க சொல்றத வாசிக்கிறேன்" என்கிறாள். எல்லாப் பாரமும் அவன் தலையில். எனக்கு இது பிடித்திருந்தது. பிடித்துப்போனதால் புத்தி கெட்டு, காகிதங்களை மச்சினனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

நின்றபடியே படித்தான், ஒரு காதில் இயர்போனோடு. தன்னைத்தான் எழுதியிருக்கிறேன் என்று தெரிந்து முகம் சுருங்கும் என்று ஆவலோடு காத்திருந்தேன். அவன் அவசரமாகப் போனை எடுத்து எதையோ தேடினான்.

"என்னடா?"

"அந்த செட்டிங் என்னதுல இருக்கான்னு பாத்தேன் அத்தான். நல்லவேளை, ஆஃப்லதான் இருக்கு."

"கதை எப்படி?"

"மிச்சமெல்லாம் சரி. அவளோட பாட்டு. இவன்கிட்ட எதுக்கு கேக்கறா?"

"ஒரு நாடகம் வேணுமில்லடா."

"நாடகத்துக்காக அவள இவன் கால்ல விழவெச்சிருக்கீங்க. கையும் அவளோடது, பாட்டும் அவளோடது. அவ கேக்கவே மாட்டா." இயர்போனைக் காதிலிருந்து எடுத்தான். "நீங்க அந்தப் பாட்ட கேக்கவே இல்லல்ல அத்தான்?"

"இல்லாத பாட்டை எப்படிடா கேக்கறது?"

"எழுதுறது நீங்கதானே? நீங்களே கேக்கலன்னா படிக்கறவங்களுக்கு எப்படி கேக்கும்?"

என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு எனக்கே பாடம் நடத்துகிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன் சொன்னது சரி என்பதுதான் அதைவிடப் பெரிய எரிச்சல். மூன்று முடிவுகளையும் கிழித்துப் போட்டேன்.

7

அவள் கேட்கவில்லை. பேண்டேஜை அவிழ்த்து இன்னும் இறுக்கிச் சுற்றினாள். பல்லால் நுனியைக் கடித்து முடிச்சுப் போட்டாள்.

"அண்ணா, நான் நிறுத்துற எடத்துல நிறுத்து. நீ வாசிச்சா தனியாத்தான் வாசிப்ப."

பிறகு காதுக்காரனிடம், "நீங்க போய் முன்னாடி நில்லுங்க. ஹெட்போன கழட்டி பைல போடுங்க" என்றாள். கோபமாகச் சொன்ன மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

போய் நின்றான். இடித்தார்கள். முன்னால் நின்றவனின் முதுகு முழுக்க வியர்வை. சுற்றிலும் போன்கள் உயர்ந்தன. அந்த ஒரு நிமிஷத்தைப் பிடித்துவிட எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றார்கள். மேடைக்கு எதிரே இருந்த பலகையில் ஒலியமைப்பாளர் எதையோ திருகினார். அவள் உட்கார்ந்தாள், யாரையும் பார்க்கவில்லை.

முதல் இடி விழுந்தது. அவன் நெஞ்சுக்கூட்டில் வந்து மோதியது. ஹெட்போனில் ஒருநாளும் அப்படி மோதியதில்லை. அடுத்து ஒரு வரிசை, அதற்கடுத்து ஒரு வரிசை, வேனில் தூங்கியவனும் சேர்ந்து மூவரும் ஒரே கையாக. பிறகு எல்லாம் நின்றது.

"கரண்ட் போயிடுச்சா?" என்று பக்கத்தில் ஒருவன் கேட்டான். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒருவர் விசிலடித்துப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உயர்ந்த போன்களில் இரண்டொன்று இறங்கின. அண்ணன்காரனின் விரல்கள் கம்பிகளின்மேல் அழுந்தி நின்றன. அவன் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசித்துவிடலாம் போல முகம் துடித்தது. பேண்டேஜ் சுற்றிய கையில் அவள் குச்சி தோளுக்கு மேலே அசையாமல் நின்றது. காதுக்காரன் "கொஞ்சம் சும்மா இருங்களேன்டா" என்று கத்த வாயெடுத்தான். கத்தினால் அதுவும் சத்தம்தான் என்று தெரிந்து பல்லைக் கடித்துக்கொண்டான். வலது கால் தானாக ஒரு பிரேக்கைத் தேடியது. இப்படி ஒரு பயத்தை அவன் எந்தப் பாட்டிலும் பட்டதில்லை. இந்தப் பாட்டு அவனுக்குப் பிடித்திருந்தது.

இங்கே நிற்கிறேன். ஒரு வரி எழுதினால் போதும், குச்சி இறங்கிவிடும். கூட்டம் என்ன செய்தது, மணிக்கட்டு என்ன ஆயிற்று, அடுத்த மாதம் காதுக்காரன் தன் பதிவில் என்ன எழுதினான் என்று எல்லாம் மடமடவென்று வந்துவிடும். கை பரபரக்கிறது. ஆனால் அந்த வரியை நான் எழுதப்போவதில்லை. என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது, கால் அதன்மேல்தான் இருக்கிறது, மிதிக்கமாட்டேன்.

என் முதுகுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துக்கொண்டிருக்கும் மச்சினன் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறான். கையைக் காட்டி அடக்கிவிட்டேன். குச்சி எப்போது இறங்க வேண்டும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவசரம் வேண்டாம். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.